குண்டைத் தேர்ந்தெடுப்பது குழல்தான்

கேள்வி: ஐயா, என் மாப்பிள்ளை அமெரிக்காவில் பென்சில்வேனியாவில் இருக்கிறார். குழல் வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் பழைய பாணி ரைபிள் ஒன்றை வாங்கியிருக்கிறார். குழலின் உள் அகலம் 0.50 அங்குலம். கனமான கூம்புக் குண்டுதான் சிறந்தது என்கிறார் கடைக்காரர். துணி சுற்றிய உருண்டைக் குண்டே போதும் என்கிறார் சுடும் திடலில் ஒரு பெரியவர். டிசம்பரில் நாங்கள் அங்கே போகிறோம். நீங்கள் படைக்கலப் பட்டறையில் வேலை பார்த்தவர் என்பதால் உங்களிடம் கேட்கச் சொன்னார்.
(ஒரு வாசகி, அங் மோ கியோ)

பதில்: அம்மா, மாப்பிள்ளை முதலில் கேட்க வேண்டியது குழலைத்தான். பல குழல்களின் மேல் 1:66, 1:48, 1:28 என்று ஏதாவது ஒன்று பொறித்திருக்கும். குழலுக்குள் சுருண்டு ஓடும் புரி எத்தனை அங்குல நீளத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுகிறது என்பதற்கான கணக்கு அது. பொறிப்பு இல்லையென்றால், துப்பாக்கியில் மருந்து இல்லை என்பதை உறுதி செய்துகொண்டு, துடைக்கும் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றி உள்ளே விட்டு மெல்ல இழுக்கட்டும். கம்பி தானாகத் திரும்பும். அரைச் சுற்றுக்கு எத்தனை அங்குலம் என்று அளந்து இரண்டால் பெருக்கினால் விடை கிடைத்துவிடும்.

66 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் அது மெதுவான புரி, உருண்டைக் குண்டுக்காகவே வெட்டியது. உருண்டை நேராகப் பறக்க அதிகச் சுழற்சி தேவையில்லை. நீளமான கூம்புக்கு நிறையச் சுழற்சி வேண்டும். அதை 1:66 குழலில் போட்டால் தள்ளாடிப் போய், இலக்கு அட்டையில் வட்டமாகத் துளைக்காமல் பக்கவாட்டில் கிழித்துக்கொண்டு நுழையும். 1:28 என்பது கூம்புக்கான வேகமான புரி. அதில் உருண்டையைப் போட்டு மருந்தை அதிகமாக்கினால் துணி புரியைப் பிடிக்காமல் வழுக்கிவிடும். 1:48 நடுத்தரமானது, இரண்டையும் ஓரளவு ஏற்கும். உங்கள் மாப்பிள்ளையுடையது பழைய பாணி ரைபிள் என்பதால், பெரியவர் சொன்னதுதான் சரியாக இருக்கும் என்று நினைக்கிறேன். 0.490 அங்குல உருண்டை ஏறக்குறைய 11.5 கிராம் இருக்கும். அதே குழலுக்கான கூம்பு அதைப்போல் இரண்டு மடங்குகூட இருக்கும். அந்த வேறுபாட்டைத் தோள்பட்டை உடனே உணரும்.

இனி துணி. என் அனுபவத்தில் பாதிக் கோளாறுகள் இங்கேதான். குழலைவிட உருண்டை சற்றுச் சிறியது. இடைவெளியை நிரப்பி, புரியைப் பற்றிக்கொண்டு, புகையை அடைத்து நிறுத்துவது அந்தத் துணித்துண்டு. 0.490 உருண்டைக்கு 0.015 அங்குலத் தடிமன் துணியில் தொடங்கலாம். என் அக்கா மகனும் அந்தப் பக்கம்தான் இருக்கிறான். அவன் வைத்திருக்கும் இதே மாதிரித் துப்பாக்கியைச் சுட்டுப் பார்க்கப் போனபோது, இங்கே சிங்கப்பூர் தேக்காவில் பருத்தி என்று சொல்லி விற்ற துணியை வாங்கிக்கொண்டு போனேன். ஐந்து முறை சுட்டோம், ஐந்தும் ஐந்து பக்கம் போயின. புல்லில் கிடந்த துண்டுகளைப் பொறுக்கிப் பார்த்தால் நடுவில் ஓட்டை, ஓரமெல்லாம் உருகிக் கறுத்து மணிமணியாக இறுகியிருந்தது. பாலியெஸ்டர் கலப்பு! ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பருத்தி காகிதம் எரியும் வாடையோடு சாம்பலாகும், செயற்கை இழை உருகி முத்துப்போல் உருளும். மறுநாள் கோடு போட்ட மெத்தைத் துணி வாங்கித் துவைத்து, அதில் கொழுப்பும் தேன்மெழுகும் தடவினோம். இலக்கில் குண்டுத் துளைகள் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கின. சுட்ட துணியைப் பொறுக்கிப் பார்க்காதவர் எந்தக் குண்டு சரி என்று சொல்லவே முடியாது. நடுவில் கரி வட்டம், சுற்றிலும் புரியின் தடங்கள், ஓரம் சற்றுப் பிசிர் என்றால் நல்லது. ஓட்டையோ வெட்டோ இருந்தால் துணி மெல்லியது, அல்லது புரியின் விளிம்பு கூராக இருக்கிறது.

ஈயம் தூய்மையாக இருக்கட்டும். நகத்தால் கீறினால் தடம் விழ வேண்டும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். குண்டு மருந்தின் மேல் அழுந்தி உட்கார வேண்டும். பாதியில் நின்ற குண்டைச் சுட்ட ஒரு குழலைப் பட்டறையில் பார்த்திருக்கிறேன். எலியை விழுங்கிய பாம்புபோல் நடுவில் புடைத்திருந்தது. சரியாகக் கெட்டித்ததும் இடிகம்பியில் குழல் வாய்க்கு நேராக ஒரு கோடு போட்டுக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அந்தக் கோட்டைப் பார்க்கச் சொல்லுங்கள். மருந்தும் கரிமருந்தாகவே இருக்கட்டும். இன்றைய புகையில்லா மருந்து குழலையே பிளந்துவிடும்.

கேள்வி: 1857 கிளர்ச்சியில் கொழுப்புத் தடவிய தோட்டாதான் காரணம் என்று படித்தோம். கொழுப்பு இல்லாமலே செய்திருக்கக் கூடாதா?
(ஒரு மாணவர், ஜூரோங் வெஸ்ட்)

பதில்: தம்பி, மேலே சொன்ன துணியின் வேலையைத்தான் அந்தத் தோட்டாவின் காகிதம் செய்தது. அந்தத் தோட்டாவைப் போட்ட என்ஃபீல்டு ரைபிளின் குழல் 0.577 அங்குலம், குண்டு அதைவிடச் சிறியது. காகித உறையின் ஒரு முனையைப் பல்லால் கிழித்து மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைக் காகிதத்தோடு சேர்த்து உள்ளே தள்ள வேண்டும். உலர்ந்த காகிதம் கரி படிந்த குழலில் சிக்கிக்கொள்ளும். ஆகவே ஏதோ ஒரு வழுவழுப்பு தேவைதான். அது பசுவினுடையதா பன்றியினுடையதா என்ற கேள்விக்குச் சிப்பாய்கள் நம்பும்படி பதில் சொல்ல யாரும் இல்லாததே தீயை மூட்டியது. அந்தக் காலத்தில் சிங்கப்பூரில் காவலுக்கு நின்றவர்களும் மதராஸ் படைச் சிப்பாய்கள்தான் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

என்ஃபீல்டு குண்டின் பின்பக்கம் குழிவானது. வெடிக்கும்போது மென்மையான ஈயம் விரிந்து புரியைப் பிடிக்கும். பிரெஞ்சுக்காரரான மினியே 1849இல் கொண்டுவந்த குண்டின் வழியில் வந்தது அது. அவருக்கு முன்பே, 1820களில், நார்ட்டன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி இதே வழியில் ஒரு குண்டு செய்தார். தென்னிந்தியாவில் ஊதுகுழல் அம்பின் பின்முனையில் நெட்டி விரிந்து காற்றை அடைப்பதைக் கண்டுதான் அவருக்கு அந்த எண்ணம் வந்தது என்று படைக்கல வரலாற்றில் சொல்வார்கள். நம் பக்கத்திலிருக்கும் போர்னியோவின் சும்பித்தான் என்ற ஊதுகுழலிலும் அம்பின் பின்னால் அதே மாதிரி நெட்டிக் குமிழ்தான் இருக்கும். அருங்காட்சியகத்தில் பார்த்தால் அம்பின் முனையைவிட அடியை உற்றுப் பாருங்கள்.

கேள்வி: (அதே அங் மோ கியோ வாசகி) திரும்பும்போது ஓர் ஈயக் குண்டை நினைவுக்காகக் கொண்டுவரலாமா?

பதில்: வேண்டாம் அம்மா. துப்பாக்கி தொடர்பான எதையும் சிங்கப்பூருக்குள் கொண்டுவர முன்கூட்டியே போலீசிடம் அனுமதி கேட்க வேண்டும். சாங்கி விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து விளக்கம் சொல்லும் நிலை வரக் கூடாது. சுட்ட துணித்துண்டையும் அங்கேயே விட்டுவிடுங்கள். அதன் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்துப் படம் எடுத்து அனுப்புங்கள், அளவு தெரியும். துணி மெல்லியதா, போதுமா என்பதைப் படத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.