அறுபது கோப்பைகளின் கணக்கு

அன்புள்ள ஐயா,

எனக்கு 34 வயது. சென்னையில் ஒரு ஐ.டி. நிறுவனத்தில் பதினோரு வருடமாக வேலை பார்க்கிறேன். மூன்று வருடமாக சனி, ஞாயிறுகளில் மண்பாண்ட வகுப்புக்குப் போகிறேன். சக்கரத்தில் உட்கார்ந்தால் நேரம் போவதே தெரிவதில்லை. போன ஜனவரியில் ஒரு கைவினைச் சந்தையில் ஸ்டால் போட்டேன். செய்தது 60 காபிக் கோப்பைகள். 7 சூளையில் விரிசல் விட்டன. மிச்சத்தில் 42 இரண்டே நாளில் விற்றன, ஒன்று 350 ரூபாய் வீதம். ஸ்டால் வாடகை 6,000. மண், கிளேஸ் என்னும் பளபளப்புப் பூச்சு, சூளைக் கட்டணம் சேர்த்து ஒன்றுக்கு 120. அந்த 14,700 ரூபாய் கையில் வந்தபோது இருந்த சந்தோஷம் எந்த மாதச் சம்பளத்திலும் இருந்ததில்லை. வரும் மார்ச்சில் ராஜினாமா செய்யலாம் என்றிருக்கிறேன். கணவர் இன்னும் ஒரு வருடம் பொறு என்கிறார். அம்மா இதைப் பற்றிப் பேசவே மறுக்கிறார். நீங்களும் வேலையை விட்டுக் கைத்தொழிலுக்குப் போனவர். சொல்லுங்கள், விடலாமா?

நி., சென்னை

அன்புள்ள நி.,

விடலாம். ஆனால் இந்த மார்ச்சில் வேண்டாம்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் பிடித்தது அந்தக் கணக்குதான். எல்லா எண்களையும் நீங்களே கொடுத்திருக்கிறீர்கள், கூட்டிப் பார்க்கத்தான் இல்லை. 120 ரூபாய்ச் செலவு விற்ற 42-க்கு மட்டும் ஆகவில்லை, 60-க்கும் ஆகியிருக்கிறது. அது 7,200. ஸ்டாலுக்கு 6,000. ஆக 14,700-இல் உங்களுக்கு நின்றது 1,500 ரூபாய். பிசைவது, வனைவது, மறுநாள் அடியைச் சீவுவது, கைப்பிடி ஒட்டுவது, கிளேஸ் பூசுவது என்று ஒரு கோப்பைக்கு நாற்பது நிமிடம் வைத்துக்கொள்வோம். உங்கள் அனுபவத்துக்கு அது அதிகமில்லை. 60 கோப்பைக்கு 40 மணி நேரம். ஸ்டாலில் நின்றது ஒரு 20 மணி நேரம் இருக்கும். மணிக்கு 25 ரூபாய் சம்பாதித்திருக்கிறீர்கள். மீதி 11 கோப்பைகள் வீட்டில் இருக்கின்றன, சரி. அவையும் விற்றால்கூட மணிக்கு 90 ரூபாயைத் தொடாது.

இதை உங்களைச் சோர்வடையச் செய்ய எழுதவில்லை. நான் இந்தக் கணக்கைப் போடாமல்தான் போனேன். ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் ஒன்பது வருடம் உட்கார்ந்தவன், என் சொந்தத் தொழிலில் என் கூலியை மட்டும் எழுதவில்லை. கையால் தைத்த நோட்டுப் புத்தகங்கள் செய்தேன். காகிதத்துக்கு, நூலுக்கு, அட்டைத் துணிக்கு எல்லாம் விலை உண்டு. என் இரவுகளுக்கு விலை கிடையாது. 'பிடித்துத்தானே செய்கிறோம், அதற்கென்ன கூலி' என்று நினைத்தேன். அந்த நினைப்பு ஆறு வருடத்தில் என் சேமிப்பைக் கரைத்தது. அதைவிட, தையல் ஊசியைப் பார்த்தாலே எரிச்சல் வரும் நிலைக்கு என்னைக் கொண்டுபோனது. பணத்தைப் பிறகு ஈடுகட்டினேன். தையல் மேல் இருந்த ஆசை திரும்ப வர வெகுகாலம் ஆனது.

உங்களுக்கு மணிக்கு 250 ரூபாய் என்று கூலி வைத்துப் பாருங்கள். விரிசல் விட்ட 7 கோப்பைகளையும் சேர்த்தால் ஒரு கோப்பைக்கு அடக்கமே ஏறக்குறைய 325 ரூபாய். என் நோட்டுகளை வைத்திருந்த கடைகள் விற்ற விலையில் 35 சதவீதம் எடுத்துக்கொண்டன. அந்தக் கணக்கில் உங்கள் கோப்பை கடையில் 500 ரூபாய்க்குப் போனால்தான் உங்கள் கூலியே கைக்கு வரும். லாபம் அதற்கு மேல்தான். ஆகவே நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, உங்கள் கோப்பையை 500-க்கு மேல் கொடுத்து, முகம் தெரியாத ஒருவர் இரண்டாம் முறையும் வாங்குவாரா என்பது. அதைத் தெரிந்துகொள்ள வேலையை விடத் தேவையில்லை. அடுத்த சந்தையில் விலையை மாற்றி எழுதினால் போதும்.

அப்புறம் இந்த மழை விஷயம். நீங்கள் ஸ்டால் போட்டது ஜனவரியில். சென்னையில் மண் நன்றாகக் காயும் காலம் அது. தீபாவளி, கிறிஸ்துமஸ் பரிசுக்கான ஆர்டர்கள் வருவதோ அக்டோபர் முதல் டிசம்பர் வரை, சரியாக வடகிழக்குப் பருவமழை நேரத்தில். வனைந்த பாண்டம் நாள்கணக்கில் ஈரமாகவே உட்கார்ந்திருக்கும். முழுதும் காயாத மண்ணைச் சூளையில் வைத்தால் உள்ளே நீராவி கிளம்பி வெடிக்கும், பக்கத்தில் இருப்பதையும் கெடுக்கும். கேட்டவருக்குத் தேதி சொல்லிவிட்டு, காயாத கோப்பைகளைப் பார்த்துக்கொண்டு நிற்கும் ஒரு நவம்பரை நீங்கள் இன்னும் பார்க்கவில்லை. அதைச் சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே பார்த்துவிடுங்கள். உங்கள் கணவர் ஒரு வருடம் என்று சொன்னதற்கு அவர் காரணம் என்னவோ, என் காரணம் இதுதான்.

அந்த வருடத்தில் லீவு போட்டுவிட்டு இரண்டு இடங்களுக்குப் போய் வாருங்கள். ஒன்று பாண்டிச்சேரி. 1971-இல் ரே மீக்கர், டெபோரா ஸ்மித் என்ற மண்பாண்டக் கலைஞர்கள் அங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரி என்ற பட்டறையைத் தொடங்கினார்கள். அங்கே கற்றவர்கள் பலர் சுற்றுவட்டாரத்திலேயே சொந்தப் பட்டறை போட்டார்கள். அப்படிப்பட்ட பட்டறை ஒன்றில், ஒரே அளவில் ஒரே கோப்பையை ஒரு நாள் முழுக்க வனைபவரின் பக்கத்தில் உட்காருங்கள். இரண்டாவது மானாமதுரை. அங்கே கடம் என்னும் தாள வாத்தியத்தைச் சக்கரத்தில் வனைந்து இறக்கியதோடு வேலை முடிவதில்லை. ஈரம் பதமாக இருக்கும்போது உள்ளே கல்லைக் கொடுத்து, வெளியே மரப்பலகையால் தட்டித் தட்டிச் சுவரை ஒரே கனத்துக்குக் கொண்டுவருவார்கள். தட்டு பிசகினால் நாதம் போய்விடும். அந்தத் தட்டலை அரை மணி நேரம் கேளுங்கள். வார இறுதிச் சந்தோஷம் வேறு, செவ்வாய்க்கிழமை மதியம் முப்பதாவது கோப்பைக்குக் கைப்பிடி ஒட்டுவது வேறு. அதுவும் உங்களுக்குப் பிடித்திருந்தால், வேலையை விடலாமா என்று யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

சில நடைமுறை விஷயங்களையும் சொல்லிவிடுகிறேன். ராஜினாமா கொடுத்தால் கம்பெனி மருத்துவக் காப்பீடு போய்விடும். அதில் உங்கள் அம்மாவும் இருந்தால் இப்போதே தனிக் காப்பீடு எடுங்கள், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு மூன்று வருடம் வரை காத்திருக்க வைப்பார்கள். சிறுதொழில்களுக்கான அரசின் உத்யம் பதிவுக்குக் கட்டணம் கிடையாது, தொழில் தொடங்கியதும் செய்துவிடுங்கள். எனக்கு ஒரு பெரிய நிறுவனம் 500 நோட்டுகளுக்கு நான்கு மாதம் கழித்துப் பணம் கொடுத்தது. சிறுதொழில் செய்பவருக்கு, எழுதிய ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டுச் சட்டமே இருப்பது எனக்கு அன்று தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

அம்மாவிடம் கனவைப் பற்றிப் பேச வேண்டாம். ஒரு நோட்டில் இந்த வருடம் முழுக்க மணியையும் ரூபாயையும் எழுதுங்கள், உடைந்ததையும் எழுதுங்கள். அதை அவர் கையில் கொடுங்கள்.

டிசம்பர் கடைசியில் அந்த நோட்டின் கடைசிப் பக்கத்தைப் படம் எடுத்து எனக்கும் அனுப்புங்கள். மீதமிருக்கும் 11 கோப்பைகளில் ஒன்றை எனக்கு எடுத்து வையுங்கள். 550 ரூபாய் அனுப்புகிறேன், அதில் ஒரு ரூபாயும் குறைக்க வேண்டாம்.