மலையில் இருந்தால் கலோரி தானாக எரியுமா?

கேள்வி: எனக்கு வயது 45, உயரம் 155 செ.மீ., எடை 68 கிலோ. கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரி ஆபீசில் கணக்கு எழுதுகிறேன். பஸ் இறங்கி வீட்டுக்குக் கால் மணி நேரம் மேடேற வேண்டும். ஆபீசில் நாலு டீ குடிப்பேன். தினமும் 1,960 கலோரி தேவை என்று மொபைல் ஆப் சொன்னது. 1,600க்குள் சாப்பிட்டும் எடை அசையவில்லை. மூன்று மாதத்தில் மகள் கல்யாணம். அதற்குள் 8 கிலோ குறைய என்ன செய்யலாம்? குளிருக்கே கலோரி எரியும் என்கிறார்களே?
- வாசகி, அரவேனு

பதில்: ஆப் எங்கே தவறியது என்று முதலில் பார்த்துவிடுவோம். மிஃப்லின் சூத்திரம் என்று ஒன்று உண்டு, 1990-இல் வந்தது. எடையைப் பத்தாலும் உயரத்தை 6.25-ஆலும் பெருக்கிக் கூட்டி, வயதின் ஐந்து மடங்கைக் கழித்து, பெண்களுக்கு இன்னொரு 161 கழிக்க வேண்டும். உங்களுக்கு 1,263 வருகிறது. நாள் முழுக்கப் படுத்தே கிடந்தாலும் உடம்பு கேட்கும் அளவு இது. உட்கார்ந்த வேலை என்றால் இதை 1.2-ஆல் பெருக்குவார்கள், லேசான நடமாட்டத்துக்கு 1.375, நடுத்தர உழைப்புக்கு 1.55. மேடேறுகிறோமே என்று 'நடுத்தரம்' தட்டியிருப்பீர்கள். 1,960 வந்தது அதனால்தான்.

கால் மணி நேர ஏற்றம் உங்கள் எடைக்குக் கூடுதலாக 80, 90 கலோரி எரிக்கும். நல்ல விஷயம்தான், விடாதீர்கள். ஆனால் மீதி நாள் நாற்காலியில் போகிறது. நாள் முழுக்கச் சரிவில் நின்று கொழுந்து பறிக்கும் பெண்களின் கணக்கு வேறு. குளிரும் அப்படித்தான். உடம்பு நடுங்கினால் கலோரி எரியும்; ஸ்வெட்டரும் மஃப்ளரும் போட்டு அடுப்போரம் உட்கார்ந்தால் பெரிதாக எரியாது. என் கணிப்பில் உங்கள் தேவையே 1,600 பக்கம்தான். அவ்வளவும் சாப்பிட்டால் எடை எப்படிக் குறையும்?

இப்போது அந்த நாலு டீ. கிளாசுக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் மொத்தம் 40 கிராம், அதாவது 160 கலோரி. பால் தனி. கூடவே வர்க்கி இருந்தால் மைதாவும் கொழுப்பும் சேர்ந்துகொள்ளும். எண்ணெயை யாரும் அளப்பதே இல்லை. ஒரு வழி சொல்கிறேன்: மாதம் எத்தனை லிட்டர் வாங்குகிறீர்கள் என்று பாருங்கள். நாலு பேருக்கு மூன்று லிட்டர் என்றால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 மில்லி, கிட்டத்தட்ட 200 கலோரி. ஆப்பில் இதைச் சேர்த்தீர்களா?

எட்டு கிலோவுக்கு வருகிறேன். ஒரு கிலோ கொழுப்புக்குத் தோராயமாக 7,700 கலோரி. தொண்ணூறு நாளில் எட்டு கிலோ என்றால் தினம் 680-க்கு மேல் குறைக்க வேண்டும். சாப்பாடு 920-க்கு இறங்கிவிடும். நான் அதைச் சொல்ல மாட்டேன். டாக்டர் மேற்பார்வை இல்லாமல் 1,200-க்குக் கீழே போக வேண்டாம். கல்யாண வேலைக்கு நடுவே தலைசுற்றி விழுந்தால் யார் பார்ப்பது? 1,300-இல் தொடங்குங்கள், மூன்று, நாலு கிலோ குறையலாம். டீயில் சர்க்கரையை அரை ஸ்பூனாக்குங்கள், எண்ணெயைப் பாதியாக்குங்கள், சோற்றை ஒரு கரண்டி குறைத்து முட்டைகோஸ், பீன்ஸ் பொரியலை இரண்டு கரண்டி வையுங்கள். பருப்பு, முட்டையைக் குறைக்காதீர்கள். குறைத்தால் தசைதான் கரையும்.

இந்த 1,300-உம் கணிப்புதான். காலையில் கழிப்பறை போய்விட்டு வந்து, வெறும் வயிற்றில், ஒரே மெஷினில் எடை பார்த்து நோட்டில் குறியுங்கள். மாதவிலக்கை ஒட்டி நீர் கோத்து எடை ஏறும், அதைப் பார்த்துப் பயப்படாதீர்கள். வாரச் சராசரியை மட்டும் பாருங்கள். நாலு வாரமாகியும் அசையவில்லை என்றால் 100 கலோரி குறையுங்கள், 1,200 வரும். அதற்கும் அசையாவிட்டாலோ, களைப்போ முடி உதிர்வோ இருந்தாலோ, தைராய்டுக்கு ரத்தப் பரிசோதனை எடுத்துவிடுங்கள்.