வண்டிப் பட்டறை: வாசகர் கேள்வி – பதில்

கே: அண்ணாச்சி, அப்பா ஓட்டிய 1978 புல்லட் 350 பன்னிரண்டு வருஷமாகத் தொழுவத்தில் கிடக்கிறது. கிக்கர் இம்மியும் அசையவில்லை. பெயிண்ட் அடித்து, எஞ்சின் வேலையும் பார்க்க ஆசை. எங்கே தொடங்க?
– வாசகர், கல்லிடைக்குறிச்சி

ப: முதலில் கிக்கரை விட்டு இறங்குங்கள். ஏறி நின்று மிதித்தால் பிஸ்டன் அசையாது, உள்ளே கிக்கர் பல்தான் முறியும். புல்லட் சிலிண்டர் வார்ப்பிரும்பு. பிஸ்டன் ரிங் நின்ற இடத்திலேயே துரு ஏறி இரண்டும் ஒட்டியிருக்கும். பிளக்கைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் சரிபாதி கலந்து 50 மில்லி ஊற்றுங்கள். ஓட்டையில் துணி அடைத்து மூன்று நாள் அப்படியே விடுங்கள். பிறகு டாப் கியர் போட்டு, பின் சக்கரத்தை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிப் பாருங்கள். விரலகலம் நகர்ந்தாலும் நல்ல சகுனம்தான். மறுபடி ஊற்றிக் காத்திருங்கள். ஒரு வாரமாகியும் மசியவில்லை என்றால் ஹெட்டையும் சிலிண்டரையும் கழற்றியாக வேண்டும்.

அசைந்த உடனே ஸ்டார்ட் செய்ய வேண்டாம். நெடுநாள் நின்ற புல்லட்டில் ஆயில் பம்ப்பைத் தாண்டி கிராங்க் (பிஸ்டனின் ஓட்டத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) இருக்கும் அறைக்குள் கசிந்து நிரம்பிவிடும். அப்படியே கிளப்பினால் செங்கல் சூளை போலப் புகை கக்கும். அடியிலுள்ள எல்லா ஆயில் போல்ட்டையும் திறந்து வடித்து, ஃபில்டரைக் கழுவி, புதிதாக 20டபிள்யூ-50 ஊற்றுங்கள். இரண்டு லிட்டருக்குச் சற்று மேலே பிடிக்கும். ஆயில் அளவுக் கம்பியின் குறியைப் பார்த்து நிறுத்துங்கள். டைமிங் பக்கம் (வால்வை இயக்கும் பல்சக்கரங்கள் உள்ள மூடி) திறக்க நேர்ந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: ஆயில் பம்ப்பை ஓட்டும் வார்ம் நட்டு இடது மரை, அதாவது வலப்பக்கம் திருப்பினால்தான் கழலும். மற்ற நட்டைப் போல நினைத்துத் திருப்பினால் கழலாது, இன்னும் இறுகும். அந்த மரை போனால் பம்ப் சுற்றாது.

சிலிண்டரைக் கழற்றி, உள்சுவரில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். குழி தட்டுப்பட்டால் ரீபோர்தான், அதாவது சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்க வேண்டும். இதில் பலர் தப்பு செய்கிறார்கள். முதலில் ஓவர்சைஸ் (சற்றுப் பெரிய அளவு) பிஸ்டனை வாங்கி, அதையும் சிலிண்டரையும் சேர்த்து லேத்துக்காரரிடம் கொடுங்கள். அந்தப் பிஸ்டனை அளந்துதான் கடைய வேண்டும். வந்ததும் ரிங்கை மட்டும் சிலிண்டருக்குள் விட்டு, பிஸ்டனால் நேராகத் தள்ளி, ரிங்கின் இரு முனைகளுக்கு நடுவே உள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜில் (மெல்லிய அளவுத் தகடுகள்) அளவிடுங்கள். இந்த 70 மி.மீ. துளைக்கு ஏறக்குறைய 0.3 மி.மீ. இருக்க வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் சூட்டில் ரிங் விரிந்து சிலிண்டரைக் கீறும்.

பிளக்கில் பொறி வரத் திறந்து மூடும் சி.பி. பாயிண்ட்டை மெல்லிய எமரியில் ஒருமுறை இழுத்து, பெட்ரோல் தொட்ட அட்டையால் துடையுங்கள். இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. பாயிண்ட் கருகாமல் காக்கும் கண்டென்சரைப் பரிசோதிக்க மெனக்கெட வேண்டாம், புதிதாகப் போடுங்கள். டேப்பட்டை (வால்வு இடைவெளி) எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள்: வால்வைத் திறக்கத் தள்ளும் புஷ் ராடு விரலால் உருட்டினால் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக்கூடாது.

இனி ஸ்டார்ட். சாவியைப் போட்டால் ஆம்மீட்டர் (மின்னோட்டம் காட்டும் மீட்டர்) முள் இடப்பக்கம் சாயும். கிக்கரை மெல்ல அழுத்துங்கள். பாயிண்ட் திறக்கும் கணத்தில் முள் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, டிகம்ப்ரஸரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் லீவர்) பிடித்துக்கொண்டு இம்மி தூரம் கீழே தள்ளி, அதை விட்டுவிட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே மிதி. ஓடியதும் ஹெட்டில் வால்வை அழுத்தும் ராக்கருக்குப் போகும் ஆயில் குழாயின் போல்ட்டை அரைச் சுற்று தளர்த்துங்கள். ஒரு நிமிஷத்துக்குள் ஆயில் கசிந்தால் பம்ப் வேலை செய்கிறது. கசியாவிட்டால் உடனே அணையுங்கள்.

பெயிண்ட் கடைசி. வருகிற கடிதங்களில் பாதி பெயிண்டிலேயே தொடங்குகின்றன!

கே: யெஸ்டி 250க்கு ரீபோர், பிஸ்டன், கார்புரேட்டர் எல்லாம் புதுசு. ஆனால் ஐடிலிங் (ஆக்சிலேட்டர் கொடுக்காதபோது எஞ்சின் ஓடும் வேகம்) தானாக ஏறுகிறது, வெள்ளைப் புகையும் வருகிறது. ஜெட் மாற்றியும் பயனில்லை.
– வாசகி, பாளையங்கோட்டை

ப: கார்புரேட்டரை விட்டுவிட்டு கிராங்க்கின் இரண்டு பக்க ஆயில் சீலைப் பாருங்கள். யெஸ்டி போன்ற டூ ஸ்ட்ரோக்கில் கிராங்க் அறையும் காற்று புகாமல் இருக்க வேண்டும். வலப்பக்க டைனமோ சீல் போனால் வெளிக்காற்றை உறிஞ்சும். கலவை மெலிந்து ஐடிலிங் எகிறும், கொஞ்ச நாளில் புதுப் பிஸ்டன் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொள்ளும். இடப்பக்க கிளட்ச் சீல் போனால் கியர் ஆயிலையே குடித்துப் புகையாக விடும். கியர் ஆயில் அளவைக் குறித்துவைத்து நூறு கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். வெளியே ஒழுகாமல் அளவு குறைந்தால் கிளட்ச் பக்கம்தான். உங்களுக்கு இரண்டு அறிகுறியும் இருப்பதால் இரண்டையும் மாற்றிவிடுங்கள். பழைய சீலின் ரப்பர் உதடு கல் மாதிரி இறுகியிருக்கும். அது உரசிய இடத்தில் கிராங்க்கில் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் நிற்காது.

ரீபோர் செய்த எஞ்சினுக்கு முதல் 1,000 கிலோமீட்டர் பெட்ரோல் லிட்டருக்கு 50 மில்லி 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் எஞ்சினுக்கானது), பிறகு 40. கலக்கிய பிறகே தொட்டியில் ஊற்றுங்கள். காரையாற்றிலிருந்து பாபநாசத்துக்கு இறங்கும்போது ஆக்சிலேட்டரை முழுக்க மூடி, கியரிலேயே உருட்டாதீர்கள். பெட்ரோல் நின்றால் ஆயிலும் நின்றுபோகும். இடையிடையே கொஞ்சம் முறுக்கிக் கொடுங்கள்.

கே: புல்லட் டாங்க் உள்ளே முழுக்கத் துரு. கடற்கரை ஊர் வேறு.
– வாசகர், உவரி

ப: குழாயையும் மூடியையும் கழற்றி, குழாய் ஓட்டையை ரப்பர் தக்கையால் அடையுங்கள். சிறிய நட்டு ஐம்பதை எண்ணி உள்ளே போட்டு, கொஞ்சம் தண்ணீர் விட்டுக் குலுக்குங்கள். வெளியே எடுக்கும்போது ஐம்பதும் வந்ததா என்று எண்ணுங்கள். பொடி ஜல்லி போட்டால் மூலையில் தங்கிவிடும். பிறகு பலசரக்குக் கடையில் கிடைக்கும் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்), 10 லிட்டர் வெந்நீருக்கு அரைக் கிலோ. விளிம்புவரை நிரப்பி ஒரு நாள். கொட்டிவிட்டு, 100 கிராம் ஆப்ப சோடா கரைத்த நீரால் அமிலத்தை முறித்து, நல்ல தண்ணீரில் இரண்டு முறை அலசுங்கள். அதன் பிறகு தாமதம் கூடாது, உங்கள் ஊர்க் காற்றில் அரை மணி நேரத்தில் மஞ்சள் படரும். வெயிலில் காயவைத்து உடனே 200 மில்லி 2டி ஆயில் ஊற்றி எல்லாப் பக்கமும் சுழற்றுங்கள்.

இப்போது பங்கில் வருவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை உறிஞ்சும், பழைய ரப்பரை ஊதவைக்கும். பெட்ரோல் குழாய், டியூப், மிதவை வாஷர் எல்லாம் புதிதாக வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்துவதானால் டாங்க்கையும் கார்புரேட்டர் கிண்ணத்தையும் வடித்துவிடுங்கள்.

கே: ஆடியில் அடித்த கறுப்பு பெயிண்ட் சாம்பல் பூத்தது போல் வெளுத்துவிட்டது. பெயிண்ட் கலப்படமா?
– வாசகர், தென்காசி

ப: பெயிண்ட்டைக் குறை சொல்ல வேண்டாம், இது சாரல் வேலை. தின்னர் ஆவியாகும்போது தகடு குளிரும், காற்றின் ஈரம் அதில் படியும். வெயிலடிக்கும் நாளில் ரிடார்டர் தின்னரை (மெதுவாக ஆவியாகும் தின்னர்) மெல்லிய புகையாக மேலே அடித்துப் பாருங்கள், பெரும்பாலும் தெளியும். தெளியாவிட்டால் 1000 நம்பர் தண்ணீர்த்தாளில் தேய்த்து மறுபடி அடிக்க வேண்டும். மாசி, பங்குனியில் அடித்திருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. ராதாபுரம், பணகுடிக்காரர்களுக்கு ஆனி முதல் ஆவணி வரை காற்றில் வரும் மண்தான் எதிரி.

கே: 1968 ஜாவாவுக்கு வின்டேஜ் பதிவு கிடைக்குமா? எஞ்சினை மாற்றலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

ப: 50 வயது தாண்டிய இருசக்கர வாகனங்களுக்கு 2021 ஜூலையில் வந்த மத்திய விதி பொருந்தும். புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், புதுப்பிக்க 5,000. பழைய எண் இருந்தால் அதையே வைத்துக்கொள்ளலாம். தினசரி ஓட்ட முடியாது; கண்காட்சி, ஊர்வலம், பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்.

எஞ்சினை மாற்றாதீர்கள். சேஸ், எஞ்சின் இரண்டும் மூல வடிவில் இருக்க வேண்டும் என்கிறது விதி. பவுடர் கோட்டிங்குக்கு (தூளைப் பூசிச் சூட்டில் உருக்கும் பெயிண்ட்) கொடுக்குமுன் சேஸ் எண்ணின் மேல் டேப் ஒட்டுங்கள். மணல் அடிக்கிற இடத்தில் அந்த எண் தேய்ந்துபோனால் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் விளக்கம் சொல்லி மாளாது. வந்ததும் எர்த் வயர் உட்காரும் இடத்தில் மட்டும் கோட்டிங்கைச் சுரண்டுங்கள், இல்லாவிட்டால் விளக்கு எரியாது.