குதிரை இழுத்த கரையில் சைக்கிள்: மிலான் கால்வாய்கள் பற்றிக் கேள்வி பதில்

மிலானுக்கு வந்து பதினோரு வருடம் ஆகிறது. ஞாயிற்றுக்கிழமை காலையில் என்னை வீட்டில் பார்க்க முடியாது, ஏதாவது ஒரு கால்வாய்க் கரையில் சைக்கிளோடு இருப்பேன். "லொம்பார்தியா கால்வாய்கள், பக்கத்துப் பழைய ஊர்கள் பற்றி எதுவானாலும் கேளுங்கள்" என்று சொன்னதற்கு வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன்.

அக்கா, மிலானில் நான்கு நாள் இருப்போம். சைக்கிளுக்கு ஒரு நாள்தான் ஒதுக்க முடியும். எந்தக் கால்வாய்?

நவீலியோ கிராந்தே. பெயருக்கு 'பெரிய கால்வாய்' என்று அர்த்தம். திச்சீனோ ஆற்றில் தோர்னவெந்தோ பக்கம் பிரிந்து, சுமார் 50 கி.மீ. ஓடி, மிலான் நகருக்குள் தார்செனா படகுத்துறையில் முடிகிறது.

எல்லோரும் தார்செனாவில் தொடங்குவார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். முதல் சில கிலோமீட்டர் மதுக்கடைகளும் கூட்டமும். அப்புறம் அடுக்குமாடி வீடுகள். சைக்கிளோடு ரயிலேறி அப்பியாதெக்ராஸோவில் இறங்குங்கள். அங்கிருந்து தண்ணீர் வரும் திசையில் போனால் காஸினெத்தா, அடுத்து ரோபெக்கோ. மிலான் பிரபுக்கள் 17, 18-ஆம் நூற்றாண்டுகளில் கட்டிய கோடை மாளிகைகள் கரையோரமாக நிற்கும். அவற்றின் வாசல், படிக்கட்டு, தோட்டம் எல்லாம் கால்வாயைப் பார்த்தபடி இருப்பதைக் கவனியுங்கள். விருந்தாளிகள் படகில் வந்த காலம் அது. இன்று காரில் வருபவருக்குப் பின்பக்கம்தான் தெரிகிறது, சைக்கிளில் போகும் நமக்கு முகப்பு. பெரும்பாலானவை தனியார் வீடுகள், எதிர்க்கரையிலிருந்து பார்ப்பதோடு சரி.

மதியம் அப்பியாதெக்ராஸோவுக்குத் திரும்பி, தெற்கே சில கிலோமீட்டரில் இருக்கும் மொரிமொந்தோ மடத்துக்குப் போங்கள். 1134-இல் பிரான்சின் மொரிமோன் மடத்திலிருந்து வந்த சிஸ்டெர்சியன் துறவிகள் நிறுவியது, பெயரும் அங்கிருந்துதான். முழுக்கச் செங்கல். உள்ளே அலங்காரம் என்று பெரிதாக ஒன்றும் கிடையாது, அதுவே அவர்கள் விதி.

இந்தப் பக்கத்து வயல்களில் 'மார்ச்சீத்தா' என்று ஒரு பாசன முறை உண்டு. நிலத்தை லேசாகச் சரித்து, ஊற்று நீரைக் குளிர்காலம் முழுக்க மெல்லிய படலமாக ஓடவிடுவார்கள். ஊற்று நீர் காற்றைவிடச் சூடு என்பதால் புல் உறையாது. சுற்றிலும் பனி கிடக்கும்போதே மாட்டுக்குப் பச்சைப் புல் அறுக்கலாம். லொம்பார்தியாவின் பால், சீஸ் செழிப்புக்குப் பின்னால் இந்தத் தந்திரமும் இருக்கிறது. இன்று மிகக் குறைவான வயல்களில்தான் மிஞ்சியிருக்கிறது. சைக்கிளை நிறுத்தி ஒரு பத்து நிமிடம் பாருங்கள்.

இந்தக் கால்வாய்களை வெட்டியது லியொனார்தோ தா வின்சி என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா?

இல்லை தம்பி. நவீலியோ கிராந்தே வேலை தொடங்கியது 1177. லியொனார்தோ மிலானுக்கு வந்தது 1482 வாக்கில். முந்நூறு வருட இடைவெளி!

அவருக்குத் தொடர்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. இரண்டு மட்டத்தில் இருக்கும் தண்ணீரைப் படகு கடக்க, முன்னும் பின்னும் கதவு வைத்த தொட்டி ஒன்று வேண்டும். படகு உள்ளே வந்ததும் கதவை மூடி, தண்ணீரை ஏற்றியோ இறக்கியோ அடுத்த கதவைத் திறப்பார்கள். இதற்கு இங்கே 'கோன்கா' என்று பெயர். மிலானில் 1439-லேயே வியரென்னா கோன்கா வந்துவிட்டது. லியொனார்தோ பிறந்தது 1452-இல்! அவர் குறிப்பேடுகளில் இருப்பது, நீரோட்டத்துக்கு எதிராக ஆங்கில 'வி' எழுத்துப்போல் கூடும் இரட்டைக் கதவு. தண்ணீர் தள்ளத் தள்ள இரண்டும் இன்னும் இறுக்கமாகப் பொருந்தும். உலகம் முழுக்க இன்றும் அந்த வடிவத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள்.

பெரிய தேவாலயத்தின் பளிங்குக் கல் கால்வாயில் வந்தது என்கிறார்களே, எப்படி?

எனக்குப் பிடித்த கேள்வி. துவோமோ தேவாலய வேலை 1386-இல் தொடங்கியது. கல், ஆல்ப்ஸ் அடிவாரத்துக் கந்தோல்யா சுரங்கத்தில். அங்கிருந்து தோச்சே ஆறு, மஜோரே ஏரி, திச்சீனோ ஆறு, நவீலியோ கிராந்தே என்று கடைசிவரை தண்ணீர் வழிதான். கட்டுமான இடத்துக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் குளம் வெட்டி அதில் இறக்கினார்கள். நான் சொன்ன வியரென்னா கோன்கா, கால்வாயிலிருந்து நகரின் உள்வட்ட அகழிக்குக் கல்படகுகளை ஏற்றத்தான். அந்த உள்வட்டம் 1929-30-இல் மூடப்பட்டு, இன்று சாலைக்கு அடியில் கிடக்கிறது.

தேவாலயக் கல்லுக்குச் சுங்கம் கிடையாது. 'கட்டுமானப் பயனுக்கு' என்ற லத்தீன் தொடரின் சுருக்கமாக ஏ, யு, எஃப் என்ற எழுத்துகள் சரக்கில் இருக்கும் என்பார்கள். காசு கொடுக்காமல் அனுபவிப்பதை இத்தாலியர் 'ஆ ஊஃபோ' என்பது அதிலிருந்து வந்ததாம். மொழி அறிஞர்கள் எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை. நம் 'ஓசி'க்கும் கம்பெனிக் காலத் தபால் முத்திரையை வைத்து இதே மாதிரி ஒரு கதை உண்டே, அது போலத்தான்.

நாம் சைக்கிள் ஓட்டும் பாதையும் அந்தப் படகுகள் விட்டுச்சென்றதுதான். மிலானுக்கு வரும்போது நீரோட்டமே படகைக் கொண்டுவந்துவிடும். திரும்பிப் போகும்போது கரையில் குதிரை பூட்டிக் கயிற்றால் இழுப்பார்கள். அந்தக் கயிற்றுக்குப் பெயர் 'அல்ட்சாயா'. பின்னால் கரைப் பாதைக்கே அந்தப் பெயர் வந்தது. தெருப் பெயர்ப் பலகைகளில் பார்க்கலாம். குதிரைக்காகப் போட்ட பாதை என்பதால்தான் இவ்வளவு சமதளம். 50 கி.மீ.க்கு 34 மீட்டர் இறக்கம், அவ்வளவே. மணலும் சரளையும் ஏற்றிய படகுகள் 1979 வரை ஓடின.

அம்மா அப்பாவுக்கு மூட்டு வலி, சைக்கிள் முடியாது. செர்த்தோசா மடத்தை எல்லோரும் சேர்ந்து பார்க்க வழி உண்டா?

உண்டு. அவர்களை எஸ் 13 புறநகர் ரயிலில் அனுப்புங்கள். 'செர்த்தோசா தி பாவியா' என்றே நிலையம் இருக்கிறது. ஆனால் மடத்தின் மதில் நீளமானது, அதைச் சுற்றி இருபது நிமிடமாவது நடக்க வேண்டியிருக்கும். மூட்டு வலி என்றால் பாவியா நிலையத்தில் இறங்கி டாக்சி எடுப்பது நல்லது. நீங்கள் பாவியாவுக்குப் போகும் நவீலியோ பவேசே கால்வாய்க் கரையில் சைக்கிளில் வந்து சேர்ந்துகொள்ளலாம். மிலானிலிருந்து பாவியா வரை 33 கி.மீ., மடம் அதற்குச் சற்று முன்னால்.

மிலான் தேவாலயப் பணி தொடங்கிய காலத்தில் ஆண்ட ஜான் கலேயாட்ஸோ விஸ்கொன்தி, பத்து வருடம் கழித்து 1396-இல் தன் குடும்பக் கல்லறைக்காக இந்த மடத்தைத் தொடங்கினார். முகப்புப் பளிங்கில் ஒரு சாண் இடம்கூடச் சும்மா விடவில்லை. எனக்கு அது கொஞ்சம் திகட்டும். உள்ளே பெரிய முற்றத்தைச் சுற்றி இருக்கும் 24 துறவியர் வீடுகள்தான் என் கட்சி. ஒவ்வொருவருக்கும் தனி வீடு, பின்னால் சிறு தோட்டம். அந்தக் காலத்தில் பேச்சு கிடையாது, கதவுக்குப் பக்கத்துத் துளை வழியே சாப்பாடு வரும். இதைத்தான் அம்மா அப்பாவும் ரசிப்பார்கள். திங்கட்கிழமையும் மதிய வேளையும் மூடியிருக்கும் வழக்கம், கிளம்பும் முன் நேரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் ஒருமுறை பன்னிரண்டு மணிக்குப் போய், வெளியே புல்லில் படுத்துத் தூங்கி எழுந்தேன்.

பவேசே வழியில் மிலானின் தெற்கு ஓரத்திலேயே 'கோன்கா ஃபல்லாதா', அதாவது தோற்றுப்போன கோன்கா என்று ஓர் இடம் வரும். ஸ்பானியர் ஆட்சியில் பாவியாவுக்குக் கால்வாய் வெட்டக் கிளம்பி, வேலை இங்கேயே நின்றுபோனது. வெற்றிச் சின்னத்தை மட்டும் முன்கூட்டியே நட்டுவிட்டார்கள்! நெப்போலியன் 1805-இல் மறுபடி உத்தரவு போட்டு, ஆஸ்திரியர் ஆட்சியில் 1819-இல்தான் கால்வாய் திறந்தது.

எந்த மாதம் வரலாம்? கொசு உண்டா?

மிலானுக்கும் பாவியாவுக்கும் நடுவே நெல் வயல். நெல் இருந்தால் கொசு இருக்கும், நமக்குச் சொல்லியா தர வேண்டும்? ஏப்ரல் கடைசியிலிருந்து மே வரை வயலில் தண்ணீர் கட்டியிருக்கும். வானம் அப்படியே அதில் தெரியும், கொக்கும் நாரையும் நிற்கும். அதுதான் நல்ல நேரம். மாலை ஆறுக்குப் பிறகு வயல் பக்கம் நிற்காதீர்கள். ஜூலை, ஆகஸ்ட் வேண்டாம், பவேசே கரையில் நிழல் குறைவு.

இன்னொன்று: பராமரிப்புக்காக அவ்வப்போது கால்வாயை வற்ற வைப்பார்கள், இதற்கு 'அஷ்ஷூத்தா' என்று பெயர். பெரும்பாலும் குளிர்காலக் கடைசியிலும் இலையுதிர் காலத்திலும் நடக்கும். அந்தச் சமயம் வந்தால் மாளிகைக்கு முன்னால் சேறும் பழைய சைக்கிள்களும்தான் தெரியும்.

சுத்த சைவம். கிராமத்துப் பக்கம் பட்டினிதானா?

பட்டினி இல்லை, ஆனால் ரிசோத்தோவை நம்பாதீர்கள். அரிசிச் சாப்பாடுதானே என்று வாங்கினால், வேகவைத்தது இறைச்சிச் சாற்றில் இருக்கும். மஞ்சள் நிற மிலான் ரிசோத்தோவில் எலும்பு மஜ்ஜை சேர்ப்பது மரபு. "சென்ஸா கார்னே, சென்ஸா ப்ரோதோ தி கார்னே" (இறைச்சி வேண்டாம், இறைச்சிச் சாறும் வேண்டாம்) என்று சொல்லுங்கள். பல சீஸ்களில் கன்றின் இரைப்பையிலிருந்து எடுத்த உறைபொருள் இருக்கும், கறாரானவர்கள் விசாரியுங்கள். மதியம் இரண்டரைக்கு மேல் சமையலறையை மூடிவிடுவார்கள். ரொட்டி, தக்காளி, பழம் பையில் இருக்கட்டும்.

மெஜந்தா கலருக்கும் இந்தக் கால்வாய்க்கும் சம்பந்தம் என்று கேள்விப்பட்டேன்.

ஆமாம். 1859 ஜூன் 4-இல் மஜெந்தா ஊரில் பிரெஞ்சு, பியெமொந்தே படைகள் ஆஸ்திரியரை வென்றன. நவீலியோ கிராந்தேயின் பாலங்களைப் பிடிக்கத்தான் கடும் சண்டை. அதே வருடம் வந்த புதுச் சாயத்துக்கு அந்த ஊர்ப் பெயர் ஒட்டிக்கொண்டது. ரோபெக்கோவிலிருந்து பக்கம்தான்.

எங்கள் தாத்தா கோவையில் மில் தொழிலாளி. பழைய மில் குடியிருப்பு ஏதாவது பார்க்க முடியுமா?

ஊர்ப் பெயரே கிரெஸ்பி தாத்தா! சத்தியமாக அப்படித்தான் ஒலிக்கும், 'அத்தா ஆற்றங்கரைக் கிரெஸ்பி' என்று பொருள். 1878 வாக்கில் கிரெஸ்பி குடும்பம் பஞ்சாலையும், தொழிலாளிகளுக்கு ஒரு முழு ஊரும் கட்டியது. 1995-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தோட்டம் வைத்த வீட்டு வரிசைகள், பள்ளி, தேவாலயம், முதலாளிக்குக் கோட்டை. இடுகாட்டுக்குக் கட்டாயம் போங்கள்: முதலாளி குடும்பத்தின் பிரம்மாண்ட சமாதி முன்னால், தொழிலாளிகளின் சின்னச் சின்னச் சிலுவைகள் வரிசையாக நிற்கும். மில் நின்றுவிட்டது, வீடுகளில் ஆட்கள் இருக்கிறார்கள், அதனால் ஜன்னலுக்குள் கேமராவை நீட்ட வேண்டாம்.

பச்சை மெட்ரோவில் ஜெஸ்ஸாதே வரை போய், மார்தெசானா கால்வாயைப் பிடியுங்கள். வாப்ரியோவுக்கு மேல் கால்வாய் உயரத்திலும் அத்தா ஆறு கீழேயும் இணையாக ஓடும். ஆற்றைக் கடந்தால் கிரெஸ்பி. மெட்ரோவில் நெரிசல் நேரத்தில் சைக்கிள் ஏற்ற விட மாட்டார்கள், வாரக் கடைசியில் போங்கள்.

தனியாக வரும் பெண்ணுக்குப் பாதுகாப்பா?

பகலில் நான் தனியாகத்தான் போகிறேன். ஓடுபவர்கள், மீன் பிடிப்பவர்கள், நாயோடு வரும் பாட்டிமார் என்று யாராவது இருப்பார்கள். இருட்டிய பிறகு போவதில்லை. பல இடங்களில் விளக்கும் இல்லை, தண்ணீர்ப் பக்கம் தடுப்பும் இல்லை. குழந்தையோடு வருபவர்களும் இந்தத் தடுப்பு விஷயத்தை நினைவில் வையுங்கள்.

வாடகை சைக்கிளில் என்ன பார்த்து எடுக்க வேண்டும்?

சற்று அகலமான டயர், மணி, பூட்டு. மணி முக்கியம், பாதையில் நடப்பவர்களும் உண்டு. ஒருமுறை நான் எடுத்த வண்டியில் பஞ்சர் ஒட்டும் பொருள் இருப்பதாகச் சொல்லிக் கொடுத்தார்கள். கஜ்ஜானோ தாண்டிப் பையைத் திறந்தால் ஒரு காலி டப்பா. ஏழு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு நடந்தேன். கடையிலேயே திறந்து பாருங்கள்.