காட்டு மரத் தேயிலையும் கால் லிட்டர் பாலும்

கேள்வி: சீனாவின் யுன்னானில் இருந்து 'காட்டு மரத் தேயிலை' என்று சொல்லி உறவினர் ஒருவர் 50 கிராம் கறுப்புத் தேயிலை வாங்கி வந்தார். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கால் லிட்டர் பாலில் கொதிக்கவிட்டுச் சர்க்கரை போட்டுக் குடித்தோம். நிறமும் இல்லை, திடமும் இல்லை. தெருமுனைக் கடை டீயே மேல். காட்டு மரம் என்பதெல்லாம் ஏமாற்றுதானே?
- வாசகி, ஈரோடு

பதில்: அதைச் சொல்லும் நிலையில் நீங்கள் இல்லை. அந்தத் தேயிலையை நீங்கள் இன்னும் குடிக்கவே இல்லை, அம்மா. குடித்தது பாலை.

தெருமுனைக் கடையில் போடுவது சி.டி.சி. தூள். இலையை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்கும் அந்த இயந்திரம் 1930களில் அசாமில் வந்தது. குருணை சட்டென்று நிறத்தையும் துவர்ப்பையும் இறக்கிவிடும், எவ்வளவு பால் ஊற்றினாலும் தாங்கும். தினமும் காலையில் நான் குடிப்பதும் அதைத்தான். உங்களிடம் வந்தது முழு இலை. அது மெல்லத்தான் இறங்கும். பாலில் உள்ள கேசின் புரதம் துவர்ப்பைப் பிடித்துக்கொள்கிறது. மிச்சமிருந்த மணத்தைச் சர்க்கரை மூடிவிட்டது.

ஆனால் உங்கள் சந்தேகத்தில் ஒரு பாதி நியாயமானது. கவாத்து செய்து இடுப்பு உயரத்தில் நிறுத்துவதால்தான் தேயிலையைச் செடி என்கிறோம். விட்டுவிட்டால் அது மரம். யுன்னானின் பெரிய இலை வகை 10 மீட்டரையும் தாண்டும். சந்தையில் 'காட்டு மரம்' என்ற ஒரே பெயரில் மூன்று சரக்குகள் ஓடுகின்றன. காட்டில் தானே முளைத்தது ஒன்று. பல சமயம் அது கமேலியா தாலியென்சிஸ் என்ற வேறு இனம். யாரோ நட்டு, பிறகு கைவிட்டுக் காடாகிப்போன தோட்டம் இன்னொன்று. மூன்றாவது, யுன்னானின் பிளாங், டாய் (Dai) இன மக்கள் நிழல் மரங்களுக்கு நடுவே தலைமுறை தலைமுறையாக வளர்த்துவரும் முதிய மரங்கள். ஜிங்மாய் மலையில் உள்ள அப்படிப்பட்ட தேயிலைக் காடுகளை 2023ல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக்கியது. அவை காட்டு மரங்களே அல்ல, மனிதர் நட்டவை. எனக்குக் கிடைத்த நல்ல தேநீர் எல்லாம் இந்த மூன்றாவது வகைதான். முதல் வகையை வாங்கவே வேண்டாம் என்பேன். இலைக்காகக் கிளையையே வெட்டிச் சாய்த்திருக்கிறார்கள். காட்டுத் தேயிலை இனங்களைச் சீனா பாதுகாக்கப்பட்ட தாவரப் பட்டியலில் சேர்த்திருக்கிறது. எந்த மலை, எந்த ஊர், நட்டதா, தானே முளைத்ததா என்று உறவினரைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் சொல்ல முடியாத கடையில் அந்த விலை கொடுக்கக் கூடாது.

சரி, அதன் சுவை என்ன? யுன்னானில் கறுப்புத் தேயிலை பழைய சங்கதி அல்ல. கிழக்குச் சீனத்துத் தேயிலைப் பகுதிகள் போரில் சிக்கியபோது, ஏற்றுமதிக்காக 1938-39ல் ஃபெங்சிங்கில் தொடங்கியது. இலையை வாடவைத்து, உருட்டி, காற்றில் சிவக்கவிட்டு உலர்த்துகிறார்கள். முதிய மரத்து இலையில் இதைச் செய்தால் துவர்ப்பு முன்னால் வந்து நிற்காது. முதலில் தேன், பிறகு காய்ந்த திராட்சை, அடியில் பச்சைக் கற்பூரம் வைத்திருந்த மரப்பெட்டியைத் திறந்ததுபோல ஒரு மணம். நாக்கில் வடிகஞ்சியின் வழுவழுப்பு. விழுங்கி ஒரு நிமிடம் கழித்துத்தான் முக்கியமானது வரும்: நெல்லிக்காய் தின்று தண்ணீர் குடித்தால் தொண்டையில் ஊறும் அதே இனிப்பு. கால் மணி நேரமாவது நிற்கும். திடத்தைத் தேடியவருக்கு இது கண்ணிலேயே படாது.

மிச்சம் இருக்கும் இலையில் 4 கிராம் எடுங்கள். கொதித்த தண்ணீரை ஒரு நிமிடம் ஆறவிட்டு 150 மில்லி ஊற்றி, அரை நிமிடத்தில் வடித்துவிடுங்கள். பால் வேண்டாம், சர்க்கரை வேண்டாம். அதே இலையில் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி ஐந்து முறை ஊற்றலாம். எனக்கு மூன்றாவது கோப்பைதான் பிடிக்கும். ஐந்தையும் குடித்த பிறகும் தெருமுனை டீயே மேல் என்று தோன்றினால் எழுதுங்கள், இதே பக்கத்தில் அச்சிடுகிறேன்.