உடம்பு பெருத்தால் நாட்டுக்கு என்ன நஷ்டம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: உடல் பருமனால் நாட்டுக்குப் பல ஆயிரம் கோடி நஷ்டம் என்று டிவியில் சொன்னார்கள். நான் குண்டாக இருப்பது என் சொந்த விஷயம், என் சாப்பாட்டுக்கு நானே சம்பாதிக்கிறேன். இதில் நாடு எங்கே வந்தது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: உங்கள் கோபம் நியாயமானது. அந்த மாதிரிச் செய்திகளில் யாரோ ஒரு பெண்ணை முகம் தெரியாமல் இடுப்பு மட்டும் தெரிகிற மாதிரி காட்டுவார்கள், பார்க்கிற நமக்குக் கூசிப்போகும். அதை விடுங்கள், கணக்கை மட்டும் பார்ப்போம்.

2021-ல் வெளியான ஓர் ஆய்வு, இந்தியா உட்பட 8 நாடுகளில் 2019-ம் ஆண்டு உடல் பருமனால் என்ன செலவானது என்று கூட்டிப் பார்த்தது. நமக்கு வந்தது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.8 சதவீதம். தலைக்கு 17 டாலர், அன்றைய மதிப்பில் சுமார் 1,200 ரூபாய். ஆஸ்திரேலியாவில் தலைக்கு 940 டாலர் என்பதால் நம்முடையது சின்னத் தொகையாகத் தெரியும். ஆனால் அது நூறு கோடிக்கும் மேலான பேருக்குப் பங்கு போட்டு வந்த தொகை, நிஜத்தில் யாரும் பங்கு போட்டுக் கட்டுவதில்லை, சில வீடுகளில் மொத்தமாக வந்து இறங்குகிறது. அப்புறம், செலவு என்றதும் ஆஸ்பத்திரி பில்தான் நினைவுக்கு வரும். வேலைக்குப் போக முடியாத நாட்கள், போயும் முழுசாக வேலை செய்ய முடியாத நாட்கள், சம்பாதிக்கிற வயதிலேயே இறந்துபோனவர்கள், எல்லாம் அந்தக் கணக்கில் சேர்த்திதான்.

எங்கள் தெருவில் ஒரு தையல்கார அக்கா இருக்கிறார். இருபது வருஷமாக அதே கடை, அதே மிஷின். முன்பெல்லாம் பிளவுஸ் கொடுப்பவர்கள் "உள்ளே துணி விட்டுத் தைங்க" என்பார்கள், மூன்று நான்கு வருஷம் கழித்து ஒரு தையல் பிரித்துவிட்டால் போதும். இப்போது வருஷத்துக்கு ஒரு தடவை பிரிக்கக் கொண்டுவருகிறார்கள், பிரிப்பதற்கு உள்ளே துணியே இல்லாமல்போய் அக்குள் பக்கம் ஒட்டுத்துணி வைத்துத் தருகிறார். அவருக்கும் எடை கூடி, சர்க்கரை வந்து, முட்டி தேய்ந்துவிட்டது. மாலையில் எட்டரை வரை திறந்திருந்த கடையை ஆறு மணிக்கே சாத்துகிறார், காரணம் அதற்கு மேல் மிதிக்க முடியவில்லை. தீபாவளி, பொங்கல் சமயத்தில் வருகிற வேலையைத் திருப்பி அனுப்புகிறார். அந்த இரண்டரை மணி நேரக் கூலிக்கு எந்த ஆஸ்பத்திரியிலும் பில் கிடையாது. ஆனால் மகளின் காலேஜ் ஃபீஸ் அதிலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. இப்படிப்பட்ட வீடுகளைக் கூட்டினால் வருவதைத்தான் டிவியில் நாட்டு நஷ்டம் என்கிறார்கள்.

அவர் பிளவுஸில் பார்த்ததை தேசிய குடும்பநல ஆய்வும் சொல்கிறது. தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் அதிக எடையோ பருமனோ உள்ளவர்கள் 2015-16-ல் 30.9 சதவீதம், 2019-21-ல் 40.4 சதவீதம். ஆண்கள் 28.2-லிருந்து 37 சதவீதம். நாடு முழுக்க எடுத்தால் பெண்கள் 24, ஆண்கள் 22.9. அதாவது நாம் ரொம்ப முன்னால் போய்விட்டோம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பிபி, சர்க்கரை மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்களே, அந்தப் பணம் நம் வரிப்பணம். அந்த நோய்கள் எல்லாமே எடையால் வந்தவை என்று சொல்ல முடியாது, ஆனால் எடைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. நாடு வருவது அங்கேதான்.

கேள்வி: இது பணக்கார வியாதிதானே? சாப்பாட்டுக்கே கஷ்டப்படுகிறவர்களுக்கு எப்படி வரும்?
– வாசகர், வியாசர்பாடி

பதில்: அந்தக் காலம் போய்விட்டது ஐயா. மேலே சொன்ன தேசிய குடும்பநல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எடை கூடியிருப்பவர்கள் பத்துக்கு நான்கு, ரத்தம் குறைந்தவர்கள் பாதிக்கு மேல் என்றால், இரண்டும் ஒரே உடம்பில் இருக்கிற பெண்களும் இருக்க வாய்ப்பு அதிகம்தானே? வயிறு நிறைகிறது, சத்து சேரவில்லை. காலையில் கட்டட வேலைக்கோ வீட்டு வேலைக்கோ போகிறவர் பசியை அடக்க ஒரு டீயும் இரண்டு பஜ்ஜியும் சாப்பிட்டால் முடிந்தது. அதே பசிக்கு முட்டை, சுண்டல், பழம், கீரை என்று போனால் காசும் கூட, சமைக்க நேரமும் வேண்டும். மலிவாகவும் உடனடியாகவும் கிடைப்பது எண்ணெயும் மைதாவும் சர்க்கரையும்தான். 2022-23 நுகர்வுச் செலவு ஆய்வின்படி நகரக் குடும்பங்களின் மாதச் செலவில் 10.64 சதவீதம் பானங்களுக்கும் பாக்கெட் உணவு மாதிரியான தயார் உணவுகளுக்கும் போகிறது. கிராமத்திலும் 9.62. வாயைக் கட்டத் தெரியாதவர்கள் என்று ஏழைகளைத் திட்டுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

கேள்வி: என் பிஎம்ஐ (உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் கணக்கு) 24. அமெரிக்காவில் இருக்கும் மகன் நார்மல் என்கிறான், இங்கே டாக்டர் கூடுதல் என்கிறார். யார் சொல்வது சரி?
– வாசகர், அண்ணாநகர்

பதில்: டாக்டர் சொல்வதுதான் சரி. அங்கே 25-க்கு மேல் போனால்தான் அதிக எடை. நம் ஆட்களுக்குக் குறைந்த எடையிலேயே சர்க்கரை வந்துவிடுவதால் இங்கே 23-லிருந்தே கவனிக்கச் சொல்கிறார்கள், 25 தாண்டினால் பருமன். அதைவிட வயிற்றை அளந்து பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80, அதற்கு மேல் போகக்கூடாது. நம் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்துடன் (ஐசிஎம்ஆர்) சேர்ந்து நாடு முழுக்க நடத்தி 2023-ல் வெளியிட்ட ஆய்வில், பிஎம்ஐ கணக்கில் பருமன் 28.6 சதவீதம், வயிற்றுப் பருமன் 39.5 சதவீதம். கை கால் ஒல்லியாக, தொப்பை மட்டும் போட்டவர்களை எடை மிஷின் காட்டிக்கொடுக்காது, இன்ச் டேப் காட்டிக்கொடுக்கும். அந்தத் தையல்கார அக்காவின் கழுத்தில் நாள் முழுக்க டேப் தொங்குகிறது, ஊரையே அளந்தவர் தன்னை அளந்தது போன மாதம்தான், அதுவும் நர்ஸ் கேட்டதற்காக.

கேள்வி: எல்லாரும் நட, நட என்கிறீர்கள். எங்கே நடப்பது?
– வாசகி, புரசைவாக்கம்

பதில்: நல்ல கேள்வி கேட்டீர்கள், இதை மற்றவர்களும் சத்தமாகக் கேட்க வேண்டும். பெசன்ட் நகரில் 2023 நவம்பரில் 8 கிலோமீட்டர் நடைபாதை தொடங்கினார்கள், தி.நகர் தியாகராய ரோட்டில் அகலமான நடைபாதை வளாகம் இருக்கிறது. இரண்டும் நல்லவைதான். ஆனால் காலையில் தண்ணீர் பிடித்து, டிபன் கட்டி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புகிறவர் பஸ் பிடித்துப் போயா நடப்பார்? வீட்டிலிருந்து கடைக்கும், பஸ் ஸ்டாப்புக்கும், ரேஷனுக்கும் போகிற வழி நடக்கிற மாதிரி இருக்க வேண்டும். அங்கேதான் நடைபாதை மேல் பைக், ட்ரான்ஸ்ஃபார்மர், தோண்டிப் போட்ட பள்ளம். உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று சொல்கிறேன்: சென்னை மாநகராட்சியின் 1913 எண்ணுக்குப் போன் போட்டு, எந்தத் தெரு, எந்தக் கடைக்கு எதிரே என்று தெளிவாகச் சொல்லி, புகார் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து வீட்டாரையும் போடச் சொல்லுங்கள். ஒரே இடத்துக்குப் பத்து புகார் போனால், வார்டு கவுன்சிலரிடம் போய் நிற்கும்போது கையில் காட்ட ஏதாவது இருக்கும்.