காஸ்ட் செய்தால் ஆப்ஜெக்ட் மாறுமா? கேள்விகளும் பதில்களும்

கம்பம், போடி, குமுளி, வண்டிப்பெரியாறு பக்கம் படிக்கிறவர்களும் வேலை பார்க்கிறவர்களும் டேட்டா டைப் மாற்றுவது, அதாவது காஸ்ட் செய்வது பற்றிக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பெரும்பாலும் ஜாவா, நடுவில் சி பிளஸ் பிளஸும் பைத்தானும் வரும். உதாரணத்துக்கு நமக்குப் பழக்கமான ஏலக்காய்க் கடையையே எடுத்துக்கொள்கிறேன். விளைபொருள் என்று ஒரு கிளாஸ். அதை எக்ஸ்டெண்ட் செய்யும், அதாவது அதன் பிள்ளைகளாக வரும் ஏலக்காய், மிளகு என்று இரண்டு கிளாஸ்கள்.

அண்ணே, விளைபொருள் வேரியபிளில் ஏலக்காய் ஆப்ஜெக்டை வைத்தேன். ஏலக்காய்க்கு மட்டுமே உள்ள ‘சல்லடை அளவு’ மெத்தடைக் கூப்பிட்டால் கம்பைலர் விட மாட்டேன் என்கிறது. காஸ்ட் செய்தால் ஓடுகிறது. காஸ்ட் அந்த ஆப்ஜெக்டை மாற்றிவிட்டதா? (கம்பம், கல்லூரி மாணவர்)

இல்லை தம்பி. நியூ போட்ட நேரத்திலேயே அது ஏலக்காய். கடைசி வரைக்கும் ஏலக்காய்தான். கம்பைலர் வேரியபிளின் டைப்பை மட்டும் பார்க்கிறது. மூட்டைக்குள் ஏலக்காய் இருக்கிறது, வெளியே ‘விளைபொருள்’ என்று சீட்டு ஒட்டியிருக்கிறது என்று வைத்துக்கொள். காஸ்ட் செய்வது சீட்டை மாற்றி எழுதுகிற வேலை. உள்ளே இருக்கும் சரக்கில் யாரும் கை வைக்கவில்லை.

அதே வேரியபிளில் ஒரு நாள் மிளகு வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? ‘இதை ஏலக்காய் என்று எடுத்துக்கொள்’ என்று நீ எழுதியதைக் கம்பைலர் நம்பிவிடும், ஏனென்றால் விளைபொருள் வேரியபிளில் ஏலக்காய் இருக்க வாய்ப்பு உண்டு. ஓடும்போது ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டுவது) உண்மையான கிளாஸைப் பார்த்துவிட்டு, கிளாஸ்காஸ்ட்எக்ஸெப்ஷன் என்ற பிழையைத் தூக்கிப் போடும். மிளகு வேரியபிளையே நேராக ஏலக்காய் என்று காஸ்ட் செய்தால் கம்பைலரே தடுத்துவிடும். அந்த இரண்டுக்கும் நேர் உறவு இல்லை.

அதனால் கீழ்நோக்கி, அதாவது விளைபொருளிலிருந்து ஏலக்காய்க்குக் காஸ்ட் செய்வதற்கு முன்னால், உள்ளே இருப்பது அந்த டைப்தானா என்று சொல்லும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டுப் பார். 2021இல் வந்த ஜாவா 16 முதல், சோதிக்கிற வரியிலேயே புது வேரியபிளுக்கும் பெயர் கொடுக்கலாம். தனியாகக் காஸ்ட் எழுத வேண்டாம். ஏலக்காயிலிருந்து விளைபொருளுக்கு, அதாவது மேல்நோக்கிப் போக எதுவுமே எழுத வேண்டியதில்லை.

கடைக்கு பில் மென்பொருள் எழுதுகிறேன். 19.99 ரூபாயை 100ஆல் பெருக்கி இன்ட்டாக (முழு எண்ணாக) காஸ்ட் செய்தால் 1998 பைசா வருகிறது. ஒரு பைசா எங்கே போனது? (போடி)

இங்கே நிஜமாகவே மதிப்பு மாறுகிறது. ஆப்ஜெக்ட் காஸ்டையும் எண் காஸ்டையும் ஒரே மாதிரி அடைப்புக்குறி போட்டு எழுதுவதால்தான் பலரும் குழம்புகிறார்கள். ஆப்ஜெக்டில் பார்வை மட்டும் மாறும். எண்ணில் புது மதிப்பே உருவாகும்.

19.99 என்பதை டபுள் என்ற தசம எண் டைப்பால் துல்லியமாக வைத்துக்கொள்ள முடியாது. பெருக்கினால் 1998.9999999999998 வருகிறது. இன்ட் காஸ்ட் பக்கத்து முழு எண்ணுக்கு நகர்த்தாது; புள்ளிக்குப் பின்னால் உள்ளதை வெட்டி எறிந்துவிடும். மேத்.ரவுண்ட் போட்டால் இந்தக் கணக்கு சரியாகிவிடும். ஆனால் காசு விஷயத்தில் நான் அதோடு நிறுத்த மாட்டேன். தசம எண்ணை அப்படியே துல்லியமாக வைக்கும் பிக்டெசிமல் வைத்துக்கொள்ளுங்கள். அதையும் சரத்திலிருந்து (ஸ்ட்ரிங்), ‘19.99’ என்று மேற்கோளுக்குள் கொடுத்து உருவாக்குங்கள். டபுளாகக் கொடுத்தால் அந்தப் பிழையும் சேர்ந்தே உள்ளே வந்துவிடும்.

ஏலக்காய் எடை கிலோவில் 49.750 என்று வரும். அதை கிராமில் 49750 என்று முழு எண்ணாகவே வைத்துக்கொண்டால் பாதித் தலைவலி போய்விடும். இன்ட்டின் உச்சம் 2,14,74,83,647. பைசாவில் கணக்கு வைத்தால் ரெண்டேகால் கோடி ரூபாய்க்கும் கீழேயே அது நிரம்பிவிடும். சீசன் நேரத்து மொத்தத் தொகைக்கு, இன்னும் பெரிய முழு எண் கொள்ளும் லாங் போடுங்கள். லாங்கை இன்ட்டாக்கித்தான் ஆக வேண்டும் என்றால் வெறும் காஸ்ட் வேண்டாம், மேத்.டுஇன்ட்எக்ஸாக்ட் கொள்ளாத எண்ணுக்கு எக்ஸெப்ஷன் கொடுக்கும். வெறும் காஸ்ட் சத்தமே இல்லாமல் தப்பான எண்ணைக் கொடுக்கும்.

இதைச் சின்ன விஷயம் என்று விட்டுவிடாதீர்கள். 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் முதல் பயணத்திலேயே வெடித்துச் சிதறியது. 64 பிட் தசம எண் ஒன்றை 16 பிட் முழு எண்ணாக மாற்றும்போது அது கொள்ளாமல் போனதில்தான் அந்தக் கோளாறு தொடங்கியது.

படிவத்தில் சிலர் தமிழ் எண்களில் தட்டுகிறார்கள், சிலர் மலையாள எண்களில். சரத்தை இன்ட்டாக்கும் பார்ஸ்இன்ட் பிழை கொடுக்குமா அண்ணா? (வண்டிப்பெரியாறு)

கொடுக்காது! ‘௧௨௩’ என்று கொடுத்தாலும் ஜாவா 123 என்றே எடுத்துக்கொள்ளும். மலையாள இலக்கங்களும் அப்படியே. பைத்தானின் இன்ட்டும் இதை ஏற்கும். ஆனால் பத்தைக் குறிக்கும் ‘௰’ இலக்க வரிசையில் சேராது. அதற்குப் பிழை வரும். முன்னும் பின்னும் இடைவெளி இருந்தாலும், ‘1,25,000’ என்று காற்புள்ளி இருந்தாலும் பார்ஸ்இன்ட் நம்பர்ஃபார்மட்எக்ஸெப்ஷன் கொடுக்கும். முதலில் ட்ரிம் செய்து, காற்புள்ளியை நீக்கிவிட்டுக் கொடும்மா.

பைத்தானில் காஸ்ட் இருக்கிறதா? (உத்தமபாளையம்)

ஜாவாவில் சொல்கிற பொருளில் இல்லை. இன்ட், ஸ்ட்ரிங் எல்லாம் கிளாஸ்கள். கூப்பிட்டால் அந்த டைப் மதிப்பு கிடைக்கும், பழையது அப்படியே இருக்கும். ‘12.5’ என்ற சரத்தை இன்ட்டுக்குக் கொடுத்தால் வேல்யூஎரர் வரும். முதலில் ஃப்ளோட்டாக்க வேண்டும்.

சி பிளஸ் பிளஸில் ஸ்டாட்டிக் காஸ்டா, டைனமிக் காஸ்டா? (கூடலூர்)

உள்ளே என்ன இருக்கிறது என்று உறுதியாகத் தெரியாவிட்டால் டைனமிக். பாயின்டரில் பொருந்தாவிட்டால் நல்பாயின்டர் தரும், ரெஃபரன்ஸில் பேட்காஸ்ட் எக்ஸெப்ஷன் தரும். தாய் கிளாஸில் ஒரு வர்ச்சுவல் ஃபங்ஷனாவது இருக்க வேண்டும். ஸ்டாட்டிக் காஸ்ட் ஓடும்போது எதையும் சோதிக்காது.

இன்னொன்று முக்கியம். ஏலக்காய் ஆப்ஜெக்டை விளைபொருள் வேரியபிளுக்கு மதிப்பாக அசைன் செய்தால், ஏலக்காய்க்குரிய பகுதி காப்பியாகாமல் வெட்டுப்பட்டுப் போகும். அதை எந்தக் காஸ்டாலும் திரும்ப எடுக்க முடியாது. பாயின்டரோ ரெஃபரன்ஸோ வைத்துக்கொள்ளுங்கள்.

ஏலக்காய் லிஸ்டை விளைபொருள் லிஸ்டுக்கு ஏன் அசைன் செய்ய முடியவில்லை? (குமுளி)

ஜாவா விட்டால், அந்த லிஸ்டுக்குள் யாராவது மிளகைச் சேர்த்துவிடலாம். படிக்க மட்டும்தான் வேண்டும் என்றால் ‘கேள்விக்குறி எக்ஸ்டெண்ட்ஸ் விளைபொருள்’ என்று எழுதுங்கள். அர்ரேயில் ஜாவா இதை அனுமதிக்கிறது. தப்பாக ஒன்றை உள்ளே போடும்போது அர்ரேஸ்டோர்எக்ஸெப்ஷன் வரும்.

என் கோடில் எல்லா இடத்திலும் இன்ஸ்டன்ஸ்ஆஃப் போட்டுக் காஸ்ட் செய்கிறேன். சீனியர் திட்டுகிறார். (போடி, புதிதாக வேலையில் சேர்ந்தவர்)

சீனியர் சொல்வது சரிதான். ‘ஏலக்காய் என்றால் இப்படி, மிளகு என்றால் அப்படி’ என்று இஃப் அடுக்கினால், நாளை கிராம்பு வரும்போது அத்தனை இடத்தையும் தேடித் திருத்த வேண்டும். ‘விலை கணக்கிடு’ என்ற மெத்தடை விளைபொருளில் வைத்து, ஒவ்வொரு கிளாஸிலும் ஓவர்ரைடு செய்யுங்கள், அதாவது அதற்கேற்றபடி மறுபடி எழுதுங்கள். வேரியபிள் தாய் டைப்பில் இருந்தாலும் ஓடுவது பிள்ளையின் மெத்தட்தான், காஸ்டே தேவைப்படாது. இரண்டு ஆப்ஜெக்டும் சமமா என்று பார்க்கும் ஈக்வல்ஸ் எழுதும் இடத்தில் வேறு வழியில்லை, அங்கே ஒப்பிட வேண்டியது ‘ஆப்ஜெக்ட்’ என்ற டைப்பாகத்தான் வரும். சோதித்துவிட்டுக் காஸ்ட் செய்யுங்கள். மற்ற இடங்களை ஒவ்வொன்றாக எடுத்து, மெத்தடாக மாற்ற முடியுமா என்று பாருங்கள். விலை போடுகிற ஃபைலிலிருந்தே தொடங்கலாம்.